யாரிடமிருந்து கேட்டீர்கள்?



2025 நவம்பர் மாதத்தின் கடைசி வாரம். பெருங்களத்தூரில் இஷாத் தொழுகை முடிந்து மக்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தனர். அந்நேரத்தில் நம் பகுதியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. வக்ஃபு சொத்துகளை மத்திய அரசின் உமீத் தளத்தில் பதிவு செய்வதற்கான கெடு ஓராண்டு நீட்டிக்கப்பட்டுவிட்டது என்றது அச்செய்தி. நாளிதழ்ச் செய்தி போலவே அதற்கு ஒரு தலைப்பு இருந்தது. பிழையற்ற தமிழில் நான்கு பத்திகள் இருந்தன. 'அதிகாரபூர்வ வட்டாரங்கள் தெரிவித்தன' என்னும் வழக்கமான வாசகமும் இருந்தது. எந்த அதிகாரி, எந்த ஆணை, எந்த நாள் என்பவை மட்டும் இல்லை.

சில நிமிடங்களுக்குள் அச்செய்தி தாம்பரம், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி எனப் பல குழுக்களுக்குப் பரவிவிட்டது. அதன் கீழே 'அல்ஹம்துலில்லாஹ்' என்ற பதில்கள் நிறைந்தன. சிறிய மையவாடி ஒன்றின் பொறுப்பைப் பல்லாண்டுகளாகச் சுமந்து வரும் முதியவர் ஒருவர், பதிவுக்காக எடுத்து வைத்திருந்த பத்திரங்களை மீண்டும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். ஓராண்டு இருக்கும்போது என்ன அவசரம்?

அச்செய்தியை முதலில் அனுப்பிய சகோதரரிடம் யாரிடமிருந்து கேட்டீர்கள் என்று வினவினோம். "ஏ.ஐ.யிடம் கேட்டேன், அதுவே செய்தியாக எழுதித் தந்தது" என்றார். அவர் பொய்யர் அல்லர். ஐவேளைத் தொழுகையைப் பேணுபவர். மக்களுக்கு உதவவே அனுப்பினார். ஆனால் டிசம்பர் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கெடுவைப் பொதுவாக நீட்டிக்க மறுத்தது. தேவையுள்ளவர்கள் வக்ஃபு தீர்ப்பாயத்தை அணுகலாம் என்றது. ஜூன் 6ஆம் நாள் தொடங்கப்பட்ட அத்தளத்தின் ஆறு மாதக் கெடு முடியச் சில நாள்களே எஞ்சியிருந்தன. முதியவரும் இளைஞர் இருவரும் இரண்டு இரவுகள் கணினி முன் அமர்ந்தனர். ஒரு சொத்தின் ஆவணங்கள் ஏறின. மற்றொன்று முடிவதற்குள் கெடு முடிந்துவிட்டது. முன்னோர் அல்லாஹ்வுக்காக எழுதி வைத்த நிலத்திற்காக அவர் இப்போது தீர்ப்பாயத்தின் படியேற வேண்டியவரானார்.

இந்தக் கட்டுரை அந்தச் சகோதரரைக் குறை கூறுவதற்காக எழுதப்படுவதன்று. அச்செய்தியைப் படித்த நூற்றுக்கணக்கானோரில் ஒருவரும், நாம் உட்பட, முதல் ஒரு நாள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதற்காக எழுதப்படுகிறது.

நாம் பட்ட காயம்

ஆதாரமற்ற செய்தி என்ன செய்யும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2020 மார்ச் மாதம் தில்லி நிஜாமுத்தீன் மர்கஸ் நிகழ்வுக்குப் பிறகு நாடெங்கும் நம் மீது சுமத்தப்பட்டவற்றை நாம் மறக்கவில்லை. உணவு வீணாகாதிருக்கத் தட்டுகளை நாவால் துடைத்துண்ட போரா சகோதரர்களின் பழைய காணொளி ஒன்று, நோயைப் பரப்ப எச்சில் தடவுவதாகப் பரப்பப்பட்டது. அக்காணொளியில் இருந்த காட்சி உண்மை. அது எங்கே, எப்போது, எதற்காக எடுக்கப்பட்டது என்ற விவரம்தான் பொய். பல ஊர்களில் காய்கறி வண்டிக்காரர்களிடம் பெயர் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு வெளிநாட்டினர் 29 பேர் உள்ளிட்டோர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டனர் என்ற கருத்தை வெளியிட்டது. தீர்ப்பு வந்தது. ஆனால் அதற்குள் வண்டியோடு திருப்பி அனுப்பப்பட்டவரின் பல மாத வருமானம் போய்விட்டது.

அது நமக்கு நேர்ந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 2023 மார்ச் மாதம், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவின. அவற்றில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூரார் இருவருக்கிடையே நடந்தது என்று தமிழகக் காவல்துறைத் தலைவர் விளக்கினார். காயக்கட்டுகளுடன் தொழிலாளர்கள் தோன்றிய இன்னொரு காணொளி பாட்னாவிலேயே நடித்து எடுக்கப்பட்டது என்பது பீகார் காவல்துறையின் விசாரணையில் வெளிவந்தது. பீகார் அரசு நிலைமையை நேரில் அறிய ஒரு குழுவையே இங்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கிலும் அடுக்குமாடிகளைக் கட்டிக்கொண்டிருந்த அந்தத் தொழிலாளர்களின் முகத்தில் இருந்த அச்சத்தைப் பெருங்களத்தூர்வாசிகளாகிய நாம் கண்ணாரக் கண்டோம்.

2023இல் அப்பொய்க்கு ஒரு வீடு தேவைப்பட்டது, நடிப்பவர்கள் தேவைப்பட்டார்கள், காயக்கட்டுத் துணி தேவைப்பட்டது. இன்று இவற்றுள் எதுவும் தேவையில்லை. ஒரு வரி எழுதினால் இயந்திரம் காட்சியையும் செய்தியையும் சேர்த்தே தந்துவிடும்.

முன்னோர் கேட்ட கேள்வி

திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தை நம்மில் அறியாதார் இல்லை. நம்பகமற்ற ஒருவர் செய்தி கொண்டுவந்தால் அதைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுமாறு அவ்வசனம் நம்பிக்கையாளர்களைப் பணிக்கிறது. அதற்கான காரணத்தையும் அதுவே கூறுகிறது: அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்துபவர்களாக நாம் ஆகிவிடக் கூடாது. இங்கே தீங்கிழைப்பவர் செய்தியைக் கொண்டுவந்தவர் மட்டுமல்லர், அதை விசாரிக்காமல் நம்பிச் செயல்பட்டவர்களும்தாம் என்பதைக் கவனியுங்கள்.

இந்த ஒரு கட்டளையிலிருந்து நம் முன்னோர் ஓர் அறிவுத்துறையையே எழுப்பினார்கள். உமர் (ரலி) அவர்களிடம் அபூமூஸா (ரலி) அவர்கள் மூன்று முறை அனுமதி கோருவது பற்றிய நபிமொழியைக் கூறியபோது, உமர் (ரலி) அதற்குச் சாட்சி கேட்டார்கள். அபூமூஸா பொய்யுரைப்பார் என்று அவர்கள் கருதவில்லை, இருந்தும் கேட்டார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) வந்து சாட்சி சொன்ன பின்னரே அமைதியடைந்தார்கள். ஒரே ஒரு நபிமொழியை அதை நேரில் கேட்டவரிடமிருந்தே பெறுவதற்காக ஜாபிர் (ரலி) அவர்கள் ஓர் ஒட்டகத்தை வாங்கி, ஒரு மாத காலம் பயணம் செய்து ஷாம் தேசத்தில் இருந்த அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களிடம் சென்றார்கள். நாமோ நான்கு குழுக்களுக்குச் செய்தியை அனுப்ப நான்கு நொடிகளுக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை.

ஹிஜ்ரி 110இல் மறைந்த இப்னு சீரீன் (ரஹ்) ஒரு வரலாற்று மாற்றத்தைப் பதிவு செய்திருக்கிறார். தொடக்கத்தில் மக்கள் அறிவிப்பாளர் வரிசையைப் பற்றிக் கேட்டதில்லை. குழப்பம் தோன்றிய பின்னரோ உங்களுக்கு அறிவித்தவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள் என்பது அவர் கூற்றின் சாரம். இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் ஸஹீஹ் நூலின் முன்னுரையில் இதை எடுத்தாண்டிருக்கிறார். கேட்டதையெல்லாம் அறிவித்துக்கொண்டிருப்பதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்னும் பொருளில் அமைந்த நபிமொழியும் அதே முன்னுரையில் உள்ளது. பொய்யை உண்டாக்கியவரை மட்டும் அது சாடவில்லை. கேட்டதைக் கேட்டவாறே கடத்திவிடுபவரையும் அதே வகையில் சேர்க்கிறது.

குழப்பம் தோன்றிய பின் கேள்வி கடுமையானது. இன்று தோன்றியிருக்கும் குழப்பம் எவ்வளவு பெரியது! நம் கேள்வியோ வரவர மழுங்கிக்கொண்டே போகிறது.

இயந்திரம் எவ்வகை அறிவிப்பாளர்?

ஹதீஸ் கலையில் ஓர் அறிவிப்பாளரிடம் இரண்டு தகுதிகளைத் தேடுவார்கள். ஒன்று அவருடைய நேர்மை. மற்றொன்று அவருடைய துல்லியம். நேர்மையாளராக இருந்தும் நினைவாற்றல் குழம்பியவரின் அறிவிப்பை ஒதுக்கிவிடுவார்கள். எகிப்தின் நீதிபதி இப்னு லஹீஆவின் நூல்கள் தீயில் எரிந்தன, அதன் பிறகு அவரது அறிவிப்புகளில் குழப்பம் மிகுந்தது என்று கூறப்படும் காரணத்தால், எவர் எப்போது அவரிடம் கேட்டார் என்றுகூட ஆராய்ந்தார்கள். அவரைத் தீயவர் என்று இகழவில்லை. அவருடைய குழப்பத்தை மறைக்கவும் இல்லை.

இந்த அளவுகோலை உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளின் மீது வைத்துப் பாருங்கள். அவற்றுக்கு நேர்மை என்ற பேச்சே பொருந்தாது. அவற்றுக்கு நாணமும் இல்லை, மறுமை அச்சமும் இல்லை, பொய்யென்று தெரிந்தே சொல்லும் எண்ணமும் இல்லை. எஞ்சுவது துல்லியம் ஒன்றே. அவை கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுபவை. செய்தி எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை அவை நன்கு கற்றிருக்கின்றன. அது நடந்ததா என்பதை அறிய அவற்றுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. தேடித்தரும் வசதி இணைக்கப்பட்டிருந்தாலும், தேடிக் கிடைத்ததையும் தானாக நிரப்பியதையும் ஒரே குரலில்தான் அவை சொல்கின்றன. ஒரே கேள்வியை இருவர் கேட்டால் இருவிதமாக விடை வருவதும் உண்டு. முரண்படும் அறிவிப்பை நம் அறிஞர்கள் 'முள்தரிப்' என்று ஒதுக்கி வைத்தார்கள்.

இது வெறும் ஐயமன்று. 18 நாடுகளைச் சேர்ந்த 22 பொது ஒலிபரப்பு நிறுவனங்கள் இணைந்து, 14 மொழிகளில் இச்செயலிகளிடம் செய்திகளைப் பற்றிக் கேட்டு ஆராய்ந்தன. பி.பி.சி.யும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் 2025 அக்டோபரில் அதன் முடிவை வெளியிட்டன. விடைகளில் 45 விழுக்காட்டில் குறைந்தது ஒரு பெரிய குறையாவது இருந்தது. 31 விழுக்காட்டில் ஆதாரத்தைக் காட்டுவதில் கடுமையான கோளாறு இருந்தது: ஆதாரமே இல்லாமை, தவறான ஆதாரம், ஆதாரத்தில் இல்லாததை அதன் மீது ஏற்றிச் சொல்லுதல். நூறு அறிவிப்புகளில் முப்பத்தொன்றில் அறிவிப்பாளர் வரிசையே கோளாறானது என்றால், அத்தகைய ஒருவரிடம் நம் முஹத்திஸ்கள் நின்று பேசியிருப்பார்களா?

பெரிய பத்திரிகைகளும் இதில் வழுக்கி விழுந்திருக்கின்றன. 2025 மே மாதம் அமெரிக்காவின் சிகாகோ சன் டைம்ஸ் நாளிதழுடன் வந்த கோடைகால வாசிப்புப் பட்டியலில் 15 நூல்கள் இருந்தன. அவற்றுள் 10 நூல்கள் உலகில் எவரும் எழுதாதவை. எழுத்தாளர்களின் பெயர்கள் உண்மை, நூல்களோ இயந்திரத்தின் கற்பனை. அதே ஆண்டு நவம்பர் 12 அன்று பாகிஸ்தானின் மூத்த ஆங்கில நாளிதழான டான், வாகன விற்பனை பற்றிய செய்தியின் இறுதியில், இதைவிடக் கவர்ச்சியாகவும் எழுதித் தர முடியும் என்று இயந்திரம் செய்தியாளருக்குச் சொன்ன வாக்கியத்தையும் சேர்த்தே அச்சிட்டுவிட்டது. பின்னர் அந்நாளிதழ் வருத்தம் தெரிவித்தது. அந்த ஒரு வாக்கியம் தவறுதலாகத் தங்கிவிட்டதால் வாசகர் உண்மையை அறிந்தனர். அதைக் கவனமாக வெட்டிவிட்டு அச்சிடப்படும் செய்திகளை வாசகர் எப்படி அறிவார்?

'கீழே இணைப்பு இருக்கிறதே!'

இவ்விடத்தில் சிலர் ஒரு மறுப்பைக் கூறுவர். "இப்போதெல்லாம் செயலிகளே விடையின் கீழ் ஆதார இணைப்புகளைத் தருகின்றனவே, அது இஸ்னாத் ஆகாதா?" என்பர்.

ஆகாது, அந்த இணைப்பை நீங்கள் திறந்து படிக்காதவரை. பொய்யான செய்தியைப் பரப்ப விரும்பியவர்கள் அதற்கு அழகான ஓர் அறிவிப்பாளர் வரிசையை ஒட்டிவைப்பார்கள் என்பது நம் அறிஞர்களுக்கு நன்கு தெரியும். இமாம் புகாரீ (ரஹ்) பக்தாதுக்கு வந்தபோது, பத்துப் பேர் ஆளுக்குப் பத்து நபிமொழிகளாக, நூறு நபிமொழிகளின் அறிவிப்பாளர் வரிசைகளை மாற்றி மாற்றிப் பொருத்தி அவரிடம் வாசித்துக் காட்டினார்கள். ஒவ்வொன்றையும் அறியேன் என்று மறுத்த அவர், இறுதியில் எந்த வரிசை எந்தச் செய்திக்கு உரியது என்பதை ஒவ்வொன்றாகச் சரிசெய்து காட்டினார். இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்த இப்னு அதீ (ரஹ்), தாம் இதைப் பல ஆசிரியர்களிடம் கேட்டதாகக் கூறுகிறார். அவர்களின் பெயர்களைச் சொல்லவில்லை. ஆகவே அதனை ஆய்வாளர்கள் அந்த எச்சரிக்கையோடுதான் எடுத்துரைக்கிறார்கள். தங்களுக்குப் பெருமை சேர்க்கும் செய்தியிலும் இந்தக் கண்டிப்பைத் தளர்த்தாதவர்கள் அவர்கள்.

ஆதாரத்தை மறைப்பதற்கு அக்கலையில் 'தத்லீஸ்' என்று ஒரு தனிப்பெயரே உண்டு. தான் நேரில் கேட்காததை, கேட்டது போன்ற மயக்கம் தரும் சொல்லால் அறிவிப்பது அது. இமாம் ஷுஅபா (ரஹ்) இதைக் கடும் பாவங்களோடு ஒப்பிட்டுச் சாடினார். இப்னு ஹஜர் (ரஹ்) இவ்வாறு செய்தவர்களை ஐந்து படித்தரங்களாகப் பிரித்து ஒரு நூலே எழுதினார். இவ்வழக்கமுடைய ஒருவர், வாய்மையாளராகவே இருப்பினும், இன்னாரிடமிருந்து என்று பொதுவாகச் சொன்னால் ஏற்கமாட்டார்கள். நான் நேரில் கேட்டேன் என்று திறந்து சொன்னால் மட்டுமே ஏற்பார்கள்.

இன்றைய செய்தித் தளங்களில் காணும் 'வட்டாரங்கள் தெரிவிக்கின்றன', 'தகவல்கள் கூறுகின்றன', 'சமூக வலைத்தளங்களில் பரவி வருகிறது' என்ற சொற்கள் வேறென்ன? ஒரு தளத்தின் செய்தியை இயந்திரத்தில் போட்டு, சொற்களை மாற்றி எடுத்து, 'நமது நிருபர்' என்று பெயரிட்டு வெளியிடுவது வேறென்ன? அது தத்லீஸ். களத்துக்குச் சென்ற நிருபரின் உழைப்பு அதில் திருடப்படுகிறது. வாசகரின் நம்பிக்கையும் திருடப்படுகிறது. இந்திய செய்தி நிறுவனமான ஏ.என்.ஐ., ஓப்பன் ஏ.ஐ. நிறுவனத்தின் மீது 2024 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கிலும், தன் செய்திகள் இசைவின்றிப் பயன்படுத்தப்பட்டன என்பதோடு, தான் சொல்லாதவை தன் பெயரில் சொல்லப்பட்டன என்ற புகாரும் இருக்கிறது. உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரில் அவர் சொல்லாததை ஏற்றிச் சொல்வதை நாம் அவதூறு என்கிறோம். அதைச் செய்வது மென்பொருள் என்பதால் பெயர் மாறிவிடுமா?

நம் பக்கத்துப் பொய்

இதுவரை பிறரைக் கேட்டோம். இனி நம்மைக் கேட்போம்.

2024 மே மாதம் ரஃபா நகரைப் பார்க்கச் சொல்லும் ஒரு படம் உலகெங்கும் 4 கோடிக்கும் மேற்பட்ட முறை பகிரப்பட்டது. வரிசை வரிசையான கூடாரங்கள், தொலைவில் பனிமலைகள். நம்மில் பலரும் அதைப் பகிர்ந்தோம். அது இயந்திரம் வரைந்த படம். ரஃபாவில் அப்படிப்பட்ட மலைகள் இல்லை. நோக்கம் நல்லதுதானே என்றோம். அதே நேரத்தில் அங்கே மெய்யான கூடாரங்களையும் மெய்யான ஜனாஸாக்களையும் படமெடுத்து அனுப்பிய செய்தியாளர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தனர். காஸாவில் இதுவரை இருநூறுக்கும் மேற்பட்ட செய்தியாளர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். உயிரைக் கொடுத்து அவர்கள் அனுப்பிய சாட்சியத்தை விட்டுவிட்டு, எவரும் காணாத ஒரு காட்சியை நாம் ஏந்திச் சென்றோம்.

அதன் விலை என்னவென்று 2025 ஆகஸ்டில் தெரிந்தது. பட்டினியால் எலும்பும் தோலுமான காஸாவின் ஒன்பது வயதுச் சிறுமியை ஏ.எஃப்.பி. நிறுவனத்தின் புகைப்படக்காரர் படமெடுத்தார். அப்படம் எங்கே எடுக்கப்பட்டது என்று மக்கள் எக்ஸ் தளத்தின் க்ரோக் செயலியிடம் கேட்டனர். அது 2018இல் ஏமனில் எடுக்கப்பட்ட வேறொரு சிறுமியின் படம் என்று அச்செயலி உறுதியாகச் சொன்னது. மெய்ப்படத்தைப் பகிர்ந்தவர்கள் பொய்யர்கள் என்று தூற்றப்பட்டார்கள். அதே ஆண்டு மே மாத இந்திய, பாகிஸ்தான் மோதலின்போது சூடான் நாட்டின் கார்த்தூம் விமான நிலையத்தின் பழைய காணொளியைப் பாகிஸ்தானின் நூர்கான் விமானத் தளத்தின் மீதான தாக்குதல் என்று சொன்னதும் அதே செயலிதான்.

பொய்ப்படம் நம் பக்கத்திற்கு உதவுவதாகத் தோன்றும் ஒவ்வொரு முறையும், நம் பக்கத்து மெய்ப்படத்தை மறுக்க ஒரு வாதத்தை நாமே எதிரிக்குக் கொடுக்கிறோம். "இதுவும் ஏ.ஐ.யாகத்தான் இருக்கும்" என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போக அவருக்கு இனி ஒரு சொல் போதும். அநீதி இழைக்கப்பட்டவரின் ஒரே ஆயுதம் சாட்சியம். அதை மழுங்கச் செய்வது நன்மை செய்வதாகாது.

இயந்திரத்தின் மீதே எல்லாப் பழியையும் போடுவதும் நீதியாகாது. 2025 மே 7ஆம் நாள் காஷ்மீரின் பூஞ்ச் நகரில் எல்லை தாண்டிவந்த குண்டுவீச்சில் மதரஸா ஆசிரியர் ஒருவர் உயிரிழந்தார். நம் நாட்டின் தொலைக்காட்சிகள் சில அவரைத் தாக்குதலில் கொல்லப்பட்ட பயங்கரவாதி என்று படத்தோடு ஒளிபரப்பின. பூஞ்ச் காவல்துறை அதை மறுத்தது. பின்னர் அங்குள்ள நீதிமன்றம் வழக்குப் பதியவும் உத்தரவிட்டது. அச்செய்தியை எந்த இயந்திரமும் எழுதவில்லை. பூஞ்ச் காவல் நிலையத்திற்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்ய மனமில்லாத மனிதர்கள் எழுதினார்கள். விசாரிக்கும் வழக்கம் இல்லாத செய்தி அறையில் இயந்திரம் நுழைந்தால், அதே பொய் ஒரு நாளில் நூறு மொழிகளில் வெளிவரும். நாம் அஞ்ச வேண்டியது அதற்கே.

முத்திரை குத்தினால் போதுமா?

செயற்கையாக உருவாக்கப்பட்ட காட்சி, ஒலி ஆகியவற்றின் மீது அடையாளம் இடப்பட வேண்டும் என்று மத்திய அரசு 2025 அக்டோபரில் வரைவு விதிகளை வெளியிட்டு, 2026 பிப்ரவரியில் அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இதை வரவேற்கிறோம். 2024 ஜனவரியில் மறைந்த முதல்வர் கருணாநிதி திரையில் தோன்றி நூல் வெளியீட்டு விழாவில் வாழ்த்துரை வழங்கியதைக் கண்ட தமிழ்நாட்டில், அத்தகைய அடையாளத்தின் தேவையை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அவ்விதிகள் காட்சியையும் ஒலியையும் பற்றியவை. நம் மையவாடியின் பத்திரங்களை மீண்டும் பீரோவுக்குள் அனுப்பியது படமன்று, நான்கு பத்தி எழுத்து. எழுத்துக்கு அங்கே முத்திரை இல்லை. முத்திரை இருந்தாலும் அது பாதி விடைதான். 'இது இயந்திரத்தால் எழுதப்பட்டது' என்பது யார் எழுதினார் என்பதைச் சொல்லும்; யார் கண்டார், யார் சரிபார்த்தார் என்பதைச் சொல்லாது. எவ்விதச் செய்தி உண்மை என்பதை அரசே தீர்மானிக்கும் வழியும் ஏற்புடையதன்று. மத்திய அரசு அமைக்க முனைந்த உண்மை சரிபார்ப்பு அமைப்புக்கான விதியை 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது சரியே. வழக்காடும் தரப்பே நீதிபதியாக அமர முடியாது.

ஆகவே செய்தி வெளியிடுவோரிடம், அவர்கள் பெரிய நிறுவனமாயினும் நம் சமுதாயத்தின் சிறிய இணைய இதழாயினும், நாம் கேட்க வேண்டியவை நான்கு. இச்செய்தியை நேரில் கண்டவர் அல்லது முதலில் வெளியிட்டவர் யார்? இயந்திரம் இதில் என்ன செய்தது: மொழிபெயர்த்ததா, சுருக்கியதா, முழுவதையும் எழுதியதா? வெளியிடும் முன் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, தன் பெயரால் பொறுப்பேற்கும் மனிதர் யார்? பிழை நேர்ந்தால் திருத்தம் எங்கே, எத்தனை நேரத்தில், பிழை சென்றடைந்த அதே வாசகர்களுக்கு எப்படிச் சென்றடையும்? இந்த நான்கிற்கும் விடை தராத செய்தி, பெயரறியப்படாதவரின் அறிவிப்பு. நம் முன்னோர் அதை 'மஜ்ஹூல்' என்றார்கள். அதன் மீது எவர் மானத்தையும் எவர் நிலத்தையும் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை.

செயற்கை நுண்ணறிவே ஆகாது என்று நாம் கூறவில்லை. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பெயர்க்க 2019 முதலே அத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறது. ஆங்கிலம் அறியாத முத்தவல்லிக்கு ஓர் அரசாணையைப் படித்துப் பொருள் சொல்ல அது பேருதவி. ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பொருளைக் கேட்பது ஒன்று. ஆணையே இல்லாமல் ஆணை வந்துவிட்டதா என்று கேட்பது முற்றிலும் வேறொன்று. முன்னதில் மூலம் உங்களிடம் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கலாம். பின்னதில் ஒப்பிட எதுவுமே இல்லை.

பிறைக்குக் கேட்கும் கேள்வி

சகோதர சகோதரிகளே, ஒவ்வோர் ஆண்டும் ஷஅபான் 29ஆம் நாள் மாலை நம் ஊரில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். மக்ரிபுக்குப் பின் அனைவரும் மொட்டை மாடியில் நிற்கிறோம். எங்கிருந்தோ பிறை தெரிந்துவிட்டது என்று ஒரு குரல் வந்தால் உடனே கேட்கிறோம்: யார் பார்த்தார்? எந்த ஊரில்? எத்தனை பேர்? தலைமை காஜி அறிவித்துவிட்டாரா? பிறை விஷயத்தில் நமக்குள் எத்தனை கருத்து வேறுபாடு இருந்தாலும், இக்கேள்விகளைக் கேட்காதவர் நம்மில் எவரும் இல்லை. படிக்காத பாட்டியும் கேட்கிறார். பத்து வயதுச் சிறுவனும் கேட்கிறான். ஒரு நோன்பு தவறிவிடக் கூடாதே என்ற அச்சம் நம்மைக் கேட்க வைக்கிறது.

ஒரு மனிதரின் மானம் தவறிவிடக் கூடாதே என்ற அச்சமும் அதே அளவில் இருக்க வேண்டாமா? ஒரு வடநாட்டுத் தொழிலாளியின் உயிர், ஒரு மையவாடியின் நிலம், ஒரு வண்டிக்காரரின் பிழைப்பு ஆகியவை ஒரு நோன்பை விட எளியவையா?

நம் பெருங்களத்தூர்ப் பகுதியில் இதற்காக ஒரு சிறு ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கிறோம். குழுவில் செய்தி அனுப்புபவர் முதல் வரியிலேயே அது எங்கிருந்து கிடைத்தது என்று எழுத வேண்டும். இயந்திரம் எழுதியது எனில் அதையும் சொல்ல வேண்டும். ஆதாரம் இல்லாத செய்தியை நிர்வாகி நீக்கிவிடுவார், அனுப்பியவரைக் கடிந்துகொள்ளமாட்டார். அரசாணை, நீதிமன்ற உத்தரவு பற்றிய செய்தியெனில் மூல ஆவணத்தைப் பார்த்த ஒருவரின் பெயரோடுதான் அது செல்லும். தவறான செய்தியை அனுப்பியவர் திருத்தத்தையும் தாமே அனுப்ப வேண்டும். இவற்றால் குழுவில் செய்திகள் குறைந்துவிட்டன. அதனால் எவருக்கும் எந்த நஷ்டமும் ஏற்படவில்லை.

தவறாகச் செய்தி அனுப்பிய அந்தச் சகோதரர்தான் இவ்வேற்பாட்டை முதலில் முன்மொழிந்தவர். தீர்ப்பாயத்திற்குச் செல்லும் நாள்களில் முதியவருக்குத் துணையாகப் போய்வருபவரும் அவரே. தவ்பா என்பது வருந்துவதோடு முடிவதில்லை, இழைத்த தீங்கைச் சரிசெய்வதும் அதில் அடங்கும் என்பதை அவர் நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த முறை உங்கள் கையிலுள்ள திரையில் ஒரு செய்தி மின்னும்போது, அதை அனுப்பும் முன் ஒரே ஒரு கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மறுமையில் இதை யாரிடமிருந்து கேட்டாய் என்று வினவப்பட்டால், சொல்வதற்கு ஒரு பெயர் நம்மிடம் இருக்கிறதா?

உண்மையை உண்மையென்று அறிந்து பின்பற்றவும், பொய்யைப் பொய்யென்று அறிந்து விலகவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.